மலாவி: ஒரு டாலருக்கு இரண்டு விலை உள்ள ஊரில் விலைவாசியை எப்படிக் கணக்குப் போடுவது?

கரிசல்காடு:
வணக்கம். அக்கா மகனுக்கு மலாவியில் வேலை கிடைத்திருக்கிறது. பிளான்டயர் நகரம், ஒரு மொத்த வியாபாரக் கம்பெனியில் கணக்குப் பிரிவு. வீட்டில் யாருக்கும் அந்த நாடு வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது, அதனால் நான்தான் இரண்டு நாளாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். பணவீக்கம் 2025-இல் 28 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது என்கிறார்கள். 2024 ஜனவரியில் 35 இருந்ததாம். அப்படியென்றால் நிலைமை சரியாகிக்கொண்டு வருகிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? சம்பளம் மாதம் 1,000 டாலர் என்று போனில் சொல்லியிருக்கிறார்கள், கடிதம் இன்னும் வரவில்லை. அங்கே இருந்தவர்கள் யாராவது சொன்னால் நல்லது.

மூன்றாம் பெஞ்சு:
அண்ணா, 35 போய் 28 வந்தது என்றால் விலை இறங்கிவிட்டது என்று அர்த்தம் இல்லை. ஏறும் வேகம்தான் கொஞ்சம் தணிந்திருக்கிறது. 100-க்கு விற்றது முதல் வருடம் 135 ஆனது, அடுத்த வருடம் அந்த 135-இன் மேல் 28 சதவீதம் ஏறினால் 172.80. யாரும் 100-க்குத் திரும்பிப் போகவில்லை. 2022-இல் சராசரி 21 சதவீதம், 2023-இல் கிட்டத்தட்ட 29, 2024-இல் 32. மூன்றையும் பெருக்கிப் பாருங்கள், மூன்றே வருடத்தில் விலைவாசி இரண்டு மடங்கு ஆகிவிட்டது.

ஆனால் அதற்கு முன்னால் 2018 முதல் 2021 வரை ஒற்றை இலக்கம்தான். எட்டு, ஒன்பது என்று இருந்த நாடு. அதனால் "ஆப்பிரிக்கா என்றாலே அப்படித்தான்" என்று யாராவது ஆரம்பிப்பதற்கு முன்னால் இதைச் சொல்லிவிடுகிறேன்.

லிம்பே கணக்கர்:
நான் அங்கே ஒன்பது வருடம் இருந்தேன், 2016-இல் போய் 2025 ஏப்ரலில் திரும்பினேன். லிம்பே என்பது பிளான்டயரை ஒட்டிய ஊர், புகையிலை ஏலத் தளமும் குஜராத்திக் கடைகளும் உள்ள இடம். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் போய் இறங்கியபோது அங்கே இருந்த பெரிய நோட்டு 1,000 குவாச்சா, அதுதான் அந்த நாட்டுப் பணம். அந்த வருடக் கடைசியில் 2,000 நோட்டு வந்தது, 2022-இல் 5,000 வந்தது. நான் கிளம்பிய மாதத்தில் பெட்ரோல் பங்க் போர்டில் லிட்டர் 2,530. அதாவது நாட்டின் ஆகப் பெரிய நோட்டை நீட்டினால் இரண்டு லிட்டர் பெட்ரோல் வராது, அறுபது குவாச்சா கையிலிருந்து போட வேண்டும். சரி, போர்டில் விலை எழுதியிருக்கிறது என்றுதான் சொன்னேன், பங்க்கில் பெட்ரோல் இருந்தது என்று சொல்லவில்லை. ராத்திரி பத்து மணிக்கு வண்டியை வரிசையில் போட்டுவிட்டு, டிரைவரை உள்ளே தூங்கவிட்டு, காலையில் ஏழு மணிக்கு "டேங்கர் வரவில்லை" என்று கேட்டுத் திரும்பியது எத்தனை முறை என்று எண்ணவில்லை. சந்துக்குள் கேனில் வைத்து விற்பவரிடம் போனால் போர்டு விலையைப் போல இரண்டு மடங்குக்கு மேல்.

கரிசல்காடு அண்ணன் கேட்ட கேள்விக்கு நேராக வருகிறேன். அந்த 28 சதவீதம் பொய் இல்லை, சோம்பாவில் இருக்கும் தேசியப் புள்ளியியல் அலுவலகம் ஒழுங்காகத்தான் கணக்கெடுக்கிறது. ஆனால் அது எந்த விலையை எழுதிக்கொள்கிறது என்று பார்க்க வேண்டும். பெட்ரோலுக்குப் போர்டு விலை. மின்சாரத்துக்கு அரசு நிர்ணயித்த விலை. கடையில் இருக்கும் சமையல் எண்ணெய், சோப்பு, டயர், போன் இதற்கெல்லாம் கடைக்காரர் சொல்லும் விலை. முதல் இரண்டுக்கும் அடிப்படை பேங்க் ரேட் டாலர், அதாவது வங்கியின் அதிகாரபூர்வ விலை, 1,750 குவாச்சா. கடைக்காரர் விலைக்கு அடிப்படை வெளி ரேட் டாலர், அதாவது கள்ளச்சந்தை விலை, அது 2025-இல் 4,000-ஐத் தாண்டிவிட்டது. ஒரே நாட்டில் இரண்டு டாலர். இதைப் புரிந்துகொள்ளாமல் மலாவி விலைவாசியைப் பற்றி ஒரு வரிகூடப் பேச முடியாது என்பதுதான் என் கருத்து.

பருப்புமண்டி:
லிம்பே ஐயா, அதே ஊரிலிருந்துதான் எங்களுக்குச் சரக்கு வருகிறது! நான் துவரை வியாபாரம். மலாவி துவரை என்று மண்டியில் தனியாகவே பெயர் உண்டு. அங்கே அதை நந்தோலோ என்பார்கள் என்று ஏற்றுமதி செய்பவர் சொல்லியிருக்கிறார். 2017 ஆகஸ்டில் நம் அரசு துவரை இறக்குமதிக்கு உச்சவரம்பு போட்டதும் அங்கே விவசாயிகளுக்கு விலை தரையில் விழுந்தது என்று கேள்விப்பட்டேன். அப்புறம் 2021-இல் வருடம் 50,000 டன் எடுத்துக்கொள்கிறோம் என்று இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டன. எனக்குப் புரியாதது ஒன்று. நாங்கள் டாலரில்தானே பணம் தருகிறோம், டாலர் உள்ளே போகிறதே, அப்புறம் ஏன் டாலர் தட்டுப்பாடு?

லிம்பே கணக்கர்:
போகிறது, போதவில்லை. அந்த நாடு வருடம் ஏறக்குறைய 100 கோடி டாலருக்கு விற்கிறது, 300 கோடி டாலருக்கு வாங்குகிறது. விற்பதில் பாதிக்குப் பக்கம் புகையிலை ஒன்றே. ஏப்ரலில் ஏலம் ஆரம்பிக்கும், ஆகஸ்ட் வாக்கில் முடியும், அந்த நாலைந்து மாதம் வங்கிகளில் கொஞ்சம் டாலர் கண்ணில் படும். மிச்சம் தேயிலை, சர்க்கரை, உங்கள் நந்தோலோ. வாங்குவது என்ன? பெட்ரோல், டீசல், உரம், மருந்து. இதில் எதை வேண்டாம் என்று சொல்வீர்கள்? கடல் கிடையாது, எல்லாம் மொசாம்பிக்கின் பெய்ரா, நக்காலா துறைமுகங்களிலிருந்தோ தான்சானியாவின் தாருஸ்ஸலாமிலிருந்தோ லாரியில் வர வேண்டும். இடைவெளியை முன்பெல்லாம் வெளிநாட்டு உதவி அடைத்தது.

இன்னொன்று, நீங்கள் தரும் டாலரை ஏற்றுமதி செய்பவர் முழுதாக வைத்துக்கொள்ள முடியாது. ஒரு பங்கை பேங்க் ரேட்டில் மாற்றியே ஆக வேண்டும். வெளியே 4,000 போகும் பொருளை 1,750-க்குக் கொடு என்றால் யார் மனமாரக் கொடுப்பார்கள்? பில்லில் விலையைக் குறைத்துப் போடுவது, பணத்தைத் துபாயிலேயே நிறுத்திவைப்பது, எல்லை தாண்டிச் சரக்கை அனுப்பிவிடுவது, எல்லாம் நடக்கும். அப்படி டாலர் இன்னும் குறையும், வெளி ரேட் இன்னும் ஏறும்.

நிதானி:
கணக்கர் சொல்வதில் பாதி சரி. ஆனால் இரண்டு டாலர்தான் நோய் என்பது போல எழுதுகிறீர்கள். அப்படியானால் மருந்து சுலபம், பேங்க் ரேட்டை வெளி ரேட்டுக்குக் கொண்டுபோய்விட வேண்டியதுதான். அதைச் செய்து பார்த்தார்களே. 2023 நவம்பரில் ஒரே நாளில் 1,180-ஐ 1,700 ஆக்கினார்கள், 44 சதவீத மதிப்பிறக்கம். ஒரு வாரத்துக்குள் ஐ.எம்.எஃப். (சர்வதேச நாணய நிதியம்) 17.5 கோடி டாலர் கடன் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. அதே நவம்பரில் பெட்ரோல் 1,746-இலிருந்து 2,530-க்கு ஏறியது. டிசம்பரில் பணவீக்கம் 34.5, ஜனவரியில் 35. பலன் என்ன? கொஞ்ச நாளில் வெளி ரேட் மறுபடி விலகிப் போனது. விலையை ஏற்றியது ஒன்றுதான் மிச்சம்.

குவாச்சா மதிப்பைக் குறைத்தால் ஏற்றுமதி கூடும் என்பது பாடப்புத்தகத்தில். புகையிலை ஏற்கனவே டாலரில்தான் ஏலம் போகிறது, குவாச்சா விழுந்ததால் வெளிநாட்டுக் கம்பெனி ஒரு சிப்பம் கூடுதலாக வாங்கப் போவதில்லை. இறக்குமதி குறையும் என்பதும் நடக்காது, டீசலுக்கு மாற்று இல்லை. அப்புறம் மதிப்பிறக்கம் யாருக்கு? ஏழைகளுக்கு ஒரு தண்டனை வரி, அவ்வளவுதான்.

மூன்றாம் பெஞ்சு:
ஒரு சின்னத் திருத்தம், சண்டைக்கு இல்லை. 44 சதவீத மதிப்பிறக்கம் என்று அவர்களே அறிவித்ததால் எல்லோரும் அப்படி எழுதுகிறார்கள். 1,180-இலிருந்து 1,700 ஆனபோது டாலரின் விலைதான் 44 சதவீதம் ஏறியது. குவாச்சா இழந்த மதிப்பு 31 சதவீதத்துக்குக் கொஞ்சம் கம்மி. 2012-இலும் இதே குழப்பம், 168-இலிருந்து 250 ஆனதை ஒரு பத்திரிகை 33 சதவீதம் என்றது, இன்னொன்று 49 சதவீதம் என்றது, பார்த்தவர்கள் இரண்டில் ஒன்று பொய் என்று நினைத்தார்கள். எந்தப் பக்கத்திலிருந்து வகுக்கிறோம் என்பதுதான் வித்தியாசம்.

நிதானி:
சரி தம்பி, ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் 2012-ஐ நீயே எடுத்துக் கொடுத்துவிட்டாய். அப்போதைய அதிபர் பிங்கு வா முத்தாரிக்கா பல வருடம் குவாச்சாவைப் பிடித்து வைத்திருந்தார், உதவி கொடுத்த நாடுகளோடு சண்டை போட்டார், பிரிட்டன் தூதரை வெளியேற்றினார், உதவி நின்றது, 2011-இல் பெட்ரோல் வரிசை, ஜூலையில் தெருவில் போராட்டம், துப்பாக்கிச்சூடு. 2012 ஏப்ரலில் அவர் இறந்துபோக, துணை அதிபராக இருந்த ஜாய்ஸ் பண்டா வந்தார், மே மாதமே ரேட்டைச் சந்தையிடம் விட்டுவிட்டார். உலகமே பாராட்டியது. அதன்பின் 2012 தொடங்கி ஐந்து வருடம் பணவீக்கம் 20-க்குக் கீழே வரவில்லை. இடையில் 2013-இல் அரசுப் பணத்தைச் சுருட்டிய கேஷ்கேட் ஊழல் வெடித்து உதவி மறுபடி நின்றது வேறு கதை. அதற்கும் முன்னால், 1994-இல் முதல் தடவை ரேட்டைச் சந்தையிடம் விட்டார்கள், 1995-இல் பணவீக்கம் 83 சதவீதம். இதெல்லாம் பார்த்த பிறகும் விட்டுவிடு என்றால் எப்படி?

லிம்பே கணக்கர்:
நிதானி ஐயா, நான் விட்டுவிடு என்று சொல்லவே இல்லை. விடாமல் பிடித்து வைத்தால் விலை ஏறாது என்பது நடக்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன். நீங்கள் சொன்ன ஐ.எம்.எஃப். திட்டமே சாட்சி. 2023 நவம்பரில் கையெழுத்தானது, பதினெட்டு மாதத்தில் ஒரு மறுஆய்வுகூட முடியாமல் 2025 மே மாதம் தானாகவே காலாவதி ஆனது. அந்தப் பதினெட்டு மாதமும் பேங்க் ரேட் 1,750-ஐத் தாண்டவில்லை. அதே பதினெட்டு மாதத்தில் விலைவாசி என்ன சும்மாவா இருந்தது? 2024 முழுக்கச் சராசரி 32.

எப்படி ஏறுகிறது என்று கடைக்குள் இருந்து பார்த்ததைச் சொல்கிறேன். நான் வேலை பார்த்த இடத்தில் சமையல் எண்ணெய், அரிசி, மாவு மொத்த வியாபாரம். முதலாளி வங்கியில் டாலர் கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார், ஒரு மாதம், இரண்டு மாதம், சில சமயம் ஐந்து மாதம். கிடைக்காது. கடைசியில் வெளியே 3,800-க்கு வாங்கிச் சரக்கை இறக்குவார். புத்தகத்தில் 1,750 என்று எழுத வேண்டும், ஏனென்றால் அதைவிடக் கூடப் போட்டால் சட்டப்படி குற்றம். மிச்சத்தை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று மண்டையை உடைத்துக்கொண்டவன் நான்தான். அது போகட்டும். கடையில் விலை போடும்போது அவர் பழைய சரக்குக்கு என்ன கொடுத்தோம் என்று பார்க்க மாட்டார், இது விற்றால் அடுத்த லோடு வாங்க எவ்வளவு வேண்டும் என்று பார்ப்பார். அடுத்த டாலர் 4,200 ஆகலாம் என்ற பயத்தையும் சேர்த்துத்தான் விலை. அதனால் மதிப்பிறக்கம் அறிவித்த அன்றுதான் விலை ஏறும் என்று இல்லை, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே இருந்தது. அறிவிப்பு வந்த அன்று சோம்பாக்காரர்களும் தலைநகர் லிலோங்வேக்காரர்களும் ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அப்புறம் அந்த 1,750 குவாச்சா ரேட் டாலர் யாருக்குமே கிடைக்கவில்லை என்றும் இல்லை. எரிபொருள், உரம், அரசுச் செலவு போக, மேலிடத்தில் ஆள் உள்ளவனுக்குக் கிடைக்கும். 1,750-க்கு வாங்கி 4,000 கணக்கில் விலை வைத்து விற்றால் லாபம் எவ்வளவு என்று நீங்களே போட்டுப் பாருங்கள். ஏழைகளுக்காகப் பிடித்து வைத்திருக்கிறோம் என்று சொன்ன ரேட் ஏழை கைக்கு வந்து சேர்ந்து நான் பார்த்ததே இல்லை.

பெட்ரோல் கதை இன்னும் வேடிக்கை. லிட்டர் 2,530 என்பது பேங்க் ரேட்டில் 1.45 டாலர், அக்கம்பக்க நாட்டு விலைக்குக் குறைவில்லை. ஆனால் கையில் டாலர் நோட்டு வைத்திருந்து வெளியே மாற்றுகிறவனுக்கு அதே லிட்டர் 63 சென்ட்! எல்லையோரத்தில் டேங்கை நிரப்பிக்கொண்டு அக்கரைக்குப் போகாமல் என்ன செய்வான்? இரண்டு வருடத்துக்குக் கிட்டப் போர்டு விலையைத் தொடவில்லை, கடைசியில் 2025 அக்டோபரில் 3,500 அளவுக்கு ஏற்றிவிட்டார்கள்.

கரிசல்காடு:
நிறையத் தெரிந்துகொண்டேன், நன்றி. சாப்பாட்டு விலை எப்படி? பையன் தனியாகச் சமைத்துச் சாப்பிடுவான்.

லிம்பே கணக்கர்:
உங்கள் பையனுக்குக் கவலை இல்லை, அரிசி, பருப்பு, காய் எல்லாம் கிடைக்கும், மசாலாக்கூட லிம்பேயில் கிடைக்கும். கவலை அந்த ஊர்க்காரர்களுக்கு. அங்கே சாப்பாடு என்றால் ந்சிமா. வெள்ளை மக்காச்சோள மாவில் கிண்டும் களி, நம் ராகிக் களியைவிடக் கொஞ்சம் இளக்கமாக இருக்கும், தொட்டுக்கொள்ளக் கீரையோ சின்ன மீனோ. அது இல்லாத நாளில் சாப்பிட்டேன் என்றே சொல்ல மாட்டார்கள். விலைவாசிக் குறியீட்டில் பாதிக்கு மேல் எடை உணவுக்கு, அதிலும் பெரும்பங்கு மக்காச்சோளம். ஆகவே நாட்டின் பணவீக்கம் என்பதில் பெரும்பகுதி அந்த ஒரு மூட்டையின் கதை.

அரசு விவசாயிகளுக்கு ஒவ்வொரு வருடமும் குறைந்தபட்சக் கொள்முதல் விலை அறிவிக்கும். 2022-இல் கிலோ 220 குவாச்சா. 2023-இல் 500. 2024-இல் 650. 2025-இல் 1,050. குறியீடு மூன்று வருடத்தில் இரட்டித்தது என்று தம்பி போட்ட கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இது விவசாயி விற்கும் விலை மட்டும்தான். ஏப்ரல், மே மாதம் அறுவடை, அப்போது மலிவு. அவசரத்துக்கு விற்றுவிடுவார்கள், பள்ளிக்கூடப் பணம், கடன், உப்பு, சோப்பு. நவம்பர் தொடங்கி மார்ச் வரை வீட்டுக் குதிர் காலி, அதே ஆள் தான் விற்றதைக் கூடுதல் விலைக்கு வாங்க வேண்டும். கையில் காசில்லாமல் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போவார், கான்யு என்பார்கள். அந்த நாட்களில் அவருடைய சொந்த நிலத்தில் களை வளர்ந்துவிடும், அடுத்த அறுவடையும் குறையும்.

மூன்றாம் பெஞ்சு:
அதனால்தான் மாதாமாதம் வரும் எண்ணை வைத்து யாரும் வெற்றி விழா நடத்தக் கூடாது. 2025-ஐயே பாருங்கள், பிப்ரவரியில் 30.7, அறுவடை வந்ததும் ஜூன் வாக்கில் 27-ஐ ஒட்டி இறங்கியது, அப்புறம் திரும்ப மெல்ல ஏறியது. முக்கால்வாசி சோளம்தான் அது.

மழையையும் சேருங்கள். 2022 ஜனவரியில் அனா புயல், கபிச்சிரா நீர்மின் நிலையத்தை உடைத்துவிட்டது, நாட்டின் மின்சாரத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. 2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல், பிளான்டயரைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் மண்சரிவு, இறந்தவர்களும் காணாமல் போனவர்களுமாக ஆயிரத்துக்கு மேல். மறு வருடம் எல் நினோ வறட்சி, 2024 மார்ச்சில் 28 மாவட்டங்களில் 23-ஐப் பேரிடர்ப் பகுதி என்று அப்போதைய அதிபர் சக்வேரா அறிவித்தார். உக்ரைன் போரால் உர விலை ஏறியது இதற்கு நடுவில். இதெல்லாம் டாலர் ரேட்டால் வந்தது என்று கணக்கர் சொல்வாரா?

லிம்பே கணக்கர்:
சொல்ல மாட்டேன். ஃப்ரெடி வந்த வாரம் நான் அங்கேதான் இருந்தேன், சிலோப்வே பக்கம் மலை இறங்கி வந்து வீடுகளை மூடியதைப் பார்த்தவனுக்கு அந்த எண்ணம் வராது. ஆனால் உரம் டாலரில் வருகிறது தம்பி. மழை பெய்தாலும் யூரியா இல்லாமல் அந்த மண்ணில் விளைச்சல் பாதி. யூரியா வாங்க டாலர் இல்லை, உர மானியத் திட்டம் வருடத்துக்கு வருடம் சுருங்குகிறது. சுற்றிச் சுற்றி அங்கேதான் வருகிறது.

நிதானி:
வட்டியைப் பற்றி யாரும் பேசவில்லையே. அந்த நாட்டு ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரலில் 12-இலிருந்து 14 ஆக்கியது, அந்த அக்டோபரில் 18, 2023-இல் 22, அப்புறம் 24, 2024 பிப்ரவரியில் 26. அந்த இரண்டு வருடமும் வட்டி 26, பணவீக்கம் 27 முதல் 35. பின்னால்தான் ஓடியது.

மூன்றாம் பெஞ்சு:
அந்த 26 யாரைத் தொடும்? கிராமத்தில் இருப்பவர் வங்கியில் கடன் வாங்குவதே இல்லை. சோளம் வட்டி விகிதத்தைக் கேட்டு விளையாது. கடன் வாங்கும் பெரிய ஆள் அரசாங்கம்தான், அது வட்டியைப் பார்த்துக் கை சுருக்குகிற ஆளே இல்லை. 26 சதவீதத்துக்கு அரசுப் பத்திரத்தில் போட்டுவிட்டு வங்கிகள் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்துகொள்ளும், மாவு மில் வைக்க வருபவனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும்? அடுத்த வருடம் அரசு வாங்கிய கடனுக்கு வட்டி கட்டவே இன்னொரு கடன். பற்றாக்குறையில் ஒரு பகுதியை ரிசர்வ் வங்கியே அடைத்தது, அப்படிப் புதிதாக வந்த குவாச்சா நேராக வெளிச்சந்தைக்குப் போய் டாலரைத் தேடும். நான் பரிட்சைக்கு எழுதினால் இதைத்தான் முதல் காரணமாக எழுதுவேன், டாலர் ரேட் அதனுடைய நிழல்.

நிதானி:
இதை ஒத்துக்கொள்கிறேன். கணக்கர் நிழலைத் துரத்துகிறார் என்பதுதான் நான் ஆரம்பத்திலிருந்து சொல்ல வந்தது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லிம்பே கணக்கர்:
நிழலாகவே இருக்கட்டும். நாங்கள் சம்பளம் வாங்கியது அந்த நிழலில்தான்.

பருப்புமண்டி:
தேர்தல் நடந்ததே, ஆள் மாறினால் எதாவது மாறுமா?

நிதானி:
2025 செப்டம்பர் 16-இல் நடந்தது. 85 வயது பீட்டர் முத்தாரிக்கா 56 சதவீதத்துக்கு மேல் வாங்கி வந்துவிட்டார், சக்வேராவுக்கு 33. 2020-இல் இதே சக்வேரா இதே முத்தாரிக்காவைத் தோற்கடித்தார். பிங்குவின் தம்பிதான் இவர். அவருடைய முந்தைய ஆட்சியில் குவாச்சா 730 பக்கம் சில வருடம் அசையாமல் நின்றது, பணவீக்கம் ஒற்றை இலக்கத்துக்கு வந்தது, அந்த நினைப்பில்தான் ஓட்டு விழுந்திருக்க வேண்டும். விலைவாசிதான் ஆட்சியை மாற்றியது என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. கையிருப்பு டாலர் ஒரு மாத இறக்குமதிக்குக்கூடப் போதாத கஜானாவைத்தான் அவரிடம் கொடுத்திருக்கிறார்கள்.

கரிசல்காடு:
நேற்றுக் கடிதம் வந்துவிட்டது. அதில் இப்படி இருக்கிறது: சம்பளம் மாதம் 1,000 அமெரிக்க டாலர், அன்றைய அதிகாரபூர்வ மாற்று விகிதத்தில் குவாச்சாவாக வழங்கப்படும். தங்குமிடம் கம்பெனி. இது நல்லதா கெட்டதா? பையன் மாதம் பாதியையாவது வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்று நினைக்கிறான்.

லிம்பே கணக்கர்:
அண்ணே, இந்த இழையில் இதுவரை எழுதியது எல்லாம் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. 1,000 டாலரை அவர்கள் 1,750-இல் மாற்றி 17,50,000 குவாச்சா கொடுப்பார்கள். அதை வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றால் வங்கியில் டாலர் கிடைக்காது, வெளியேதான் வாங்க வேண்டும். 4,000 என்று வைத்தால் கைக்கு வருவது 437 டாலர். அதுவும் முழுச் சம்பளத்தையும் மாற்றினால். பாதிதான் அனுப்புவான் என்றால் 220-க்கும் கீழே. அதிலும் பேங்க் ரேட் நகராத வரை அடுத்த வருடமும் அதே 17,50,000 தான், ஆனால் எண்ணெய் டின் விலை நகரும். எனக்கும் முதல் வேலையில் இதே வரிதான் இருந்தது, 2016-இல் இரண்டு ரேட்டும் ஏறக்குறைய ஒன்று என்பதால் கண்டுகொள்ளவில்லை.

நிதானி:
இதில் கணக்கரோடு எனக்கு வாதம் இல்லை. கையெழுத்துப் போட வேண்டாம் என்று சொல்லவில்லை, வரியை மாற்றச் சொல்லுங்கள்.

லிம்பே கணக்கர்:
ஆமாம். சம்பளத்தில் 600 டாலரையாவது இந்தியாவில் உள்ள கணக்கில் நேரடியாகப் போடச் சொல்லிக் கேட்கட்டும், மிச்சம் 400 அங்கே குவாச்சாவாக. வீடு கம்பெனி என்பதால் அது சாப்பாட்டுக்கும் மினிபஸ்ஸுக்கும் போதும். வெளிநாட்டில் கணக்கு வைத்திருக்கும் முதலாளிகள் பலர் அப்படிக் கொடுக்கிறார்கள், கேட்பவர்களுக்கு மட்டும். "எங்கள் வழக்கம் இது" என்று மறுத்தால், குவாச்சாச் சம்பளத்தை ஆறு மாதத்துக்கு ஒரு முறை விலைவாசிக் குறியீட்டின்படி ஏற்றித் தர வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அதுவும் முடியாது என்றால் நான் போக மாட்டேன். போகிறான் என்றால் நவம்பர் கடைசியில் இறங்குவான், மழை ஆரம்பித்திருக்கும், நல்ல குடை ஒன்று இங்கிருந்தே எடுத்துப் போகட்டும், அங்கே விலை கேட்டால் கோபம் வரும்.

கரிசல்காடு:
இன்று மாலை அவர்களுக்கு மெயில் போடச் சொல்லியிருக்கிறேன். 600, 400 என்றே எழுதச் சொன்னேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.

பருப்புமண்டி:
போனால் லிம்பே சந்தையில் நந்தோலோ கிலோ என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். குவாச்சாவில் சொன்னால் போதும், டாலரை நான் பார்த்துக்கொள்கிறேன்.